சாம்பல் விழும் தலைநகரம்: ககோஷிமா பற்றி ஓர் எளிய அறிமுகம்

கோடைக்காலத்தில் ஜப்பானின் ககோஷிமா நகரத்தில் துணி காயப்போடும் முன்பு மழை வருமா என்று மட்டும் பார்த்தால் போதாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். உள்ளூர் வானிலை அறிக்கையில் சகுராஜிமா எரிமலையின் உச்சிக்கு மேல் காற்று எந்தத் திசையில் வீசும் என்பதைத் தனியாகவே சொல்லிவிடுகிறார்கள். கிழக்குக் காற்று என்றால் எரிமலை கக்கும் சாம்பல் நகரத்தின் தலையில் விழும். மேற்குக் காற்று என்றால் எதிர்க்கரையில் இருக்கும் ஓசுமி தீபகற்பத்துக்காரர்களின் பாடு.

விழுந்த சாம்பலை வாசலில் கூட்டி அள்ளுவதற்கு மாநகர நிர்வாகமே மஞ்சள் நிறப் பைகளைக் கொடுக்கிறது. நிரம்பிய பைகளைத் தெருவில் குறிப்பிட்ட இடத்தில் வைத்தால் வண்டி வந்து எடுத்துப் போகும். இந்தப் பைக்கு முதலில் வைத்த பெயர் 'விழும் சாம்பலுக்கான பை' என்ற பொருளில் இருந்தது. பிறகு ஒரே ஓர் எழுத்தை மாற்றி, 'சாம்பலை வெல்லும் பை' என்று ஆக்கினார்கள். எரிமலையோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இந்த அளவு வீம்பு தேவைதான்.

ஜப்பான் என்றால் டோக்கியோ, ஒசாகா, கியோத்தோ என்ற 3 பெயர்களோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்கிறோம். அந்த நாடு 47 மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆளுநர், சட்டமன்றம், தலைமையிடம் உண்டு. அந்தத் தலைமையிடத்தை நாம் வசதிக்காகத் 'தலைநகர்' என்கிறோம். ஜப்பானிய அலுவல் மொழியில் அதன் பெயர் 'மாகாண அலுவலகம் இருக்கும் இடம்', அவ்வளவுதான். அரசாணை வாடை அடிக்கும் இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஒரு காலத்தில் தனி நாடு போலவே நடந்துகொண்ட ஓர் ஊர் எப்படி 'அலுவலகம் இருக்கும் இடம்' ஆனது என்பதே அந்தக் கதை. அதே பெயருள்ள மாகாணத்தின் தலைமையிடமான ககோஷிமாவைப் பொறுத்தவரை அதில் ஒரு வேடிக்கையும் உண்டு: அந்த மாற்றத்தைச் செய்தவர்களில் முதன்மையானவர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகளே.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். ஜப்பானின் 4 பெரிய தீவுகளில் தென்மேற்கில் இருப்பது கியூஷூ. அதன் தென்முனையில் நண்டின் இரண்டு கொடுக்குகள் போலச் சட்சுமா, ஓசுமி என்ற இரு தீபகற்பங்கள் கடலுக்குள் நீள்கின்றன. இரண்டுக்கும் இடையே நீண்டு உட்புகும் வளைகுடா. வளைகுடாவின் நடுவே 1,117 மீட்டர் உயரத்தில் சகுராஜிமா. மேற்குக் கரையில், எரிமலையிலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தள்ளி, 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 5 லட்சத்து 93 ஆயிரம் பேர் வசிக்கும் நகரம். படகில் ஏறினால் 15 நிமிடத்தில் எரிமலையின் அடிவாரத்தில் இறங்கிவிடலாம். இவ்வளவு பெரிய நகரம் இவ்வளவு துடிப்பான எரிமலைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பது உலகில் அபூர்வம். வெசூவியஸ் எரிமலையின் நிழலில் இருக்கும் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தோடு 1960இல் ககோஷிமா சகோதர நகர உறவு வைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

ஆனால் கண்ணுக்குத் தெரிகிற மலை பாதிக் கதைதான். அந்த வளைகுடாவின் வடபகுதியே ஒரு பிரம்மாண்டமான எரிமலைவாய். ஏறக்குறைய 30,000 ஆண்டுகளுக்கு முன்பு நிகழ்ந்த ஒரு வெடிப்பில் நிலம் உள்ளே சரிந்து, பிறகு கடல் புகுந்து வளைகுடாவானது. சகுராஜிமா அந்தப் பெரிய வாயின் ஓரத்தில் பின்னாளில் முளைத்த குட்டி. அன்று வெளியேறிய சாம்பலும் நுரைக்கல்லும் தென் கியூஷூவை மூடி, சில இடங்களில் 100 மீட்டருக்கும் மேல் கனமாகப் படிந்தன. இந்த வெண்ணிற மண்ணை ஜப்பானியர்கள் 'ஷிராசு' என்கிறார்கள். இந்த ஊரின் வரலாற்றைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஜப்பானியச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், போர்வீரர்களைக் குறிக்கும் 'சாமுராய்' என்பதைவிட 'ஷிராசு'வையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஷிராசுவில் தண்ணீர் நிற்காது. ஊற்றியது ஊற்றியபடி கீழே இறங்கிவிடும். ஆகவே மேட்டு நிலத்தில் நெல் விளையாது. பெருமழை பெய்தால் அதன் செங்குத்தான விளிம்புகள் இடிந்து விழும். நகரம் இந்த மேட்டுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள குறுகலான சமவெளியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடம் போதாமல் மேட்டின் மேலேயும் குடியிருப்புகள் ஏறின. 1993 ஆகஸ்ட் 6ஆம் தேதி பெய்த மழையில் மண் சரிந்து, கோட்சுகி ஆறு கரை புரண்டு ஓடியது. 1840களில் அந்த ஆற்றின்மேல் கட்டப்பட்டு அதுவரை நின்ற 5 கல்பாலங்களில் இரண்டை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மிஞ்சிய மூன்றையும் கல் கல்லாகப் பிரித்து ஒரு பூங்காவுக்கு மாற்றிவிட்டார்கள்.

எரிமலை பற்றிய பேச்சில் 1914ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டு ஜனவரியில் சகுராஜிமாவில் நிலம் அடிக்கடி அதிர்ந்தது. சந்தேகப்பட்ட கிராமத் தலைவர் நகரத்தில் இருந்த வானிலை ஆய்வு நிலையத்தைக் கேட்டார். எரிமலை வெடிக்காது என்று பதில் வந்தது. படிக்காதவர்கள் பலர் மூட்டை கட்டிப் படகேறினார்கள். நிபுணர் பேச்சை நம்பிய சிலர் வீட்டிலேயே இருந்தார்கள். ஜனவரி 12 காலையில் மலை வெடித்தது. அன்று மாலை பெரிய நிலநடுக்கமும் வந்தது. இரண்டிலுமாக 58 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். எரிமலைக்குழம்பு கிழக்கே வழிந்து, சுமார் 400 மீட்டர் அகலமுள்ள நீரிணையை நிரப்பி, தீவை ஓசுமி தீபகற்பத்தோடு ஒட்டவைத்துவிட்டது. 'ஜிமா' என்றால் தீவு. சகுராஜிமா இப்போது தீவே அல்ல. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

பத்தாண்டு கழித்து அங்கே ஒரு நினைவுக்கல் நட்டார்கள். 'மக்கள் கோட்பாடுகளை நம்பியிராமல், ஏதேனும் மாறுதலைக் கண்டதுமே வெளியேற ஆயத்தமாக வேண்டும்' என்ற பொருள்பட அதில் செதுக்கியிருக்கிறது. அறிவியலை நம்பாதே என்று ஓர் ஊரே கல்லில் எழுதிவைத்திருப்பது விசித்திரம்தான். ஆனால் அந்தக் கல்லை மதித்தே இன்று கியோத்தோ பல்கலைக்கழகத்தின் எரிமலை ஆய்வகம் அந்த மலையிலேயே இயங்குகிறது. ஆண்டுதோறும் வெளியேறும் ஒத்திகை நடக்கிறது. மலையடிவாரப் பிள்ளைகள் பள்ளிக்குத் தலைக்கவசம் அணிந்து போகிறார்கள். 1955 முதல் மலை ஏறக்குறைய ஓயாமல் புகைந்துகொண்டிருப்பதால் இதெல்லாம் அன்றாடம்.

நெல் விளையாத மண்ணில் என்ன செய்வது? விடை தெற்கிலிருந்து கப்பலில் வந்தது. 1705 வாக்கில் மாயெதா ரியெமோன் என்ற கடலோடி ரியூக்யூவிலிருந்து, அதாவது இன்றைய ஒகினாவாவிலிருந்து, சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் கொண்டுவந்து பயிரிட்டார். தண்ணீர் தங்காத மண்ணை அந்தக் கிழங்கு விரும்பியது. புயல் அடித்தாலும் சாம்பல் விழுந்தாலும் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது. 1732இல் மேற்கு ஜப்பானைப் பெரும் பஞ்சம் வாட்டியபோது சோறு போட்டது கிழங்குதான் என்பதை எல்லாரும் கவனித்தார்கள். விரைவிலேயே அது வடக்கேயும் பரவியது. ஜப்பானின் மற்ற இடங்களில் இதற்குச் 'சட்சுமாக் கிழங்கு' என்று பெயர். சட்சுமாவில் மட்டும் 'சீனத்துக் கிழங்கு' என்பார்கள். வந்த வழியை மறக்காத பெயர்கள்.

அந்தக் கிழங்கைத்தான் இன்றும் காய்ச்சி வடிக்கிறார்கள். 'ஷோச்சூ' என்ற அந்தச் சாராயத்தை வெந்நீர் கலந்து குடிப்பது உள்ளூர் வழக்கம். ஜப்பானின் மற்ற பகுதிகளில் 'சாக்கே' என்று கேட்டால் அரிசி மது வரும். இங்கே மது என்றாலே கிழங்கு ஷோச்சூ என்று கொள்பவர்கள் அதிகம். கறுப்புப் பன்றி, மாட்டிறைச்சி, தேயிலை என்று இந்த மாகாணம் பெயர் வாங்கிய எல்லாமே நெல்லுக்கு ஆகாத மேட்டு நிலத்தின் விளைச்சல்கள். பச்சைத் தேயிலையில் நெடுங்காலம் முதலிடம் வகித்த ஷிசுவோகா மாகாணத்தை 2024இல் உற்பத்தியில் ககோஷிமா முந்தியது. சகுராஜிமாவின் முள்ளங்கியையும் சொல்லாமல் விடக்கூடாது: 2003இல் விளைந்த ஒன்று 31.1 கிலோ எடையோடு கின்னஸ் பதிவில் ஏறியது. எரிமலை சாம்பலை மட்டும் கொடுப்பதில்லை.

இனி ஆட்சியின் கதை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேரூன்றிய ஷிமாசு குடும்பம் ஏறக்குறைய 700 ஆண்டுகள் இந்தப் பகுதியை விடாமல் ஆண்டது. எத்தனையோ பிரபுக் குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டு, ஒழிக்கப்பட்ட நாட்டில் இது அரிய செய்தி. காரணம், முக்கியமாகத் தூரம். எதோவில், அதாவது பழைய டோக்கியோவில், யார் ஆண்டாலும் ககோஷிமா வந்து சேர வாரக்கணக்கில் நடக்க வேண்டும். தலைநகருக்குத் தொலைவில் இருந்த ஊர் வெளியுலகத்துக்கு வாசலாக இருந்தது. கப்பல்கள் முதலில் தட்டிய கதவு இதுதான்.

அப்படித் தட்டியவர்களில் ஒருவர் தமிழர்களுக்கு நன்கு தெரிந்தவர். முத்துக்குளித்துறையின் மீனவர்களிடையே 1542 முதல் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார், 1547இல் மலாக்காவில் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். ககோஷிமாவில் ஒரு கொலை செய்துவிட்டுப் போர்த்துகீசியக் கப்பலில் தப்பி ஓடி வந்தவர் அஞ்சிரோ. கோவாவில் ஞானஸ்நானம் பெற்ற அவரையே வழிகாட்டியாக்கிக்கொண்டு சவேரியார் 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் கரையேறினார். ஜப்பானில் கிறித்தவம் காலடி வைத்தது ஒரு தப்பியோடிய ஆளின் சொந்த ஊர் என்பதால் இங்கே. ஷிமாசு பிரபு முதலில் அனுமதித்தார். புத்தத் துறவிகள் எதிர்த்தார்கள், எதிர்பார்த்த வணிகக் கப்பல்களும் வரவில்லை. ஓராண்டில் அனுமதி போயிற்று, சவேரியாரும் வடக்கே போனார்.

1600இல் செகிகஹாரா என்ற இடத்தில் நடந்த போர், அடுத்த 250 ஆண்டுகளுக்கு நாட்டை யார் ஆள்வது என்பதைத் தீர்மானித்தது. ஷிமாசுக்கள் தோற்ற பக்கத்தில் இருந்தார்கள். பின்வாங்க வேண்டிய நேரத்தில் எதிரிப் படையின் முன்புறமாகவே பாய்ந்து வெளியேறினார்கள். ஆயிரத்துச் சொச்சம் பேரில் சில பத்துப் பேர் ஊர் திரும்பினார்கள். இதை நினைத்து ஒவ்வோர் ஆண்டும் மக்கள் நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயிலுக்கு நடந்து போகிறார்கள். தோற்றும் நிலத்தை இழக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அவ்வளவு தூரம் படை அனுப்பித் தண்டிப்பது வெற்றி பெற்ற தொக்குகாவாக்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

மன்னிப்பு கிடைத்தாலும் மனம் ஆறவில்லை. சட்சுமா, அதாவது ஷிமாசுக்கள் ஆண்ட நாடு, தன்னை ஒரு படைமுகாமாகவே வைத்துக்கொண்டது. நாடு முழுவதும் மக்கள்தொகையில் சாமுராய்கள் 6 சதவீதம் அளவில் இருந்தபோது இங்கே கால்வாசிப் பேர் சாமுராய்கள். 1601 வாக்கில் கட்டத் தொடங்கிய கோட்டையில் பெரிய கோபுரம் கிடையாது. ஆட்களே கோட்டை என்பது அவர்களின் கொள்கை. ஆனால் உழைக்காத இத்தனை வாள்களுக்குச் சாம்பல் மண் எப்படிச் சோறு போடும்? 1609இல் ரியூக்யூ அரசைப் படையெடுத்து அடக்கி, அதன் வழியாகச் சீனாவோடு வாணிகம் செய்தார்கள். அமாமி தீவுகளில் கரும்பு பயிரிடச் செய்து, வெல்லம் முழுவதையும் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தீவு மக்களின் நினைவில் அந்தக் காலம் 'கருவெல்ல நரகம்'. சட்சுமாவின் வீரத்தைப் பாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

அதுவும் போதவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 50 லட்சம் ரியோ (அக்காலத் தங்க நாணயம்) கடன். சுஷோ ஹிரோசதோ என்ற நிதி நிர்வாகி கடன் கொடுத்த வணிகர்களிடம் ஓர் ஏற்பாட்டைச் சொன்னார், இல்லை, திணித்தார்: வட்டி கிடையாது, அசலை 250 ஆண்டுத் தவணையில் திருப்பித் தருவோம். வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான கடன் தள்ளிவைப்பு இருக்குமா தெரியவில்லை.

இப்படித் தேற்றிய கஜானாவை 1851இல் பட்டத்துக்கு வந்த ஷிமாசு நரியாகிரா தொழிற்சாலைகளில் கொட்டினார். நகரத்தின் வடக்கே, வளைகுடாவையே குளமாகவும் சகுராஜிமாவையே செய்குன்றாகவும் பாவித்து 1658இல் அமைத்த செங்கான்-என் என்ற தோட்டத்துப் பக்கத்தில், இரும்பு உருக்கும் உலை, பீரங்கி வார்ப்பு, கண்ணாடிப் பட்டறை எல்லாம் எழுந்தன. 'ஷூசெய்கான்' எனப்பட்ட அந்த வளாகம் 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

1862இல் யோகோஹாமா அருகே சட்சுமா பிரபுவின் தந்தையுடைய ஊர்வலத்துக்குக் குதிரையில் குறுக்கே வந்த ஆங்கிலேய வணிகர் ஒருவரை மெய்க்காவலர்கள் வெட்டிக் கொன்றார்கள். மறு ஆகஸ்டில் 7 பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வளைகுடாவுக்குள் வந்து நகரத்தைக் குண்டுவீசி எரித்தன. சட்சுமாக்காரர்கள் எதிர்த்துச் சுட்டு, கப்பல் தலைவர் ஒருவரையே சாய்த்தார்கள். அபராதம் 25,000 பவுண்டு. அந்தப் பணத்தை எதோவிலிருந்து ஆண்ட தொக்குகாவா அரசிடமே கடன் வாங்கிக் கட்டினார்கள். கடன் திரும்பவே இல்லை. சண்டையிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் இன்னும் விசேஷம். வெளிநாடு போனால் மரண தண்டனை என்றிருந்த காலத்தில், 1865இல் 19 பேரைப் பொய்ப் பெயர்களில் பிரிட்டனுக்கே படிக்க அனுப்பினார்கள். அவர்களில் மிக இளையவருக்கு 13 வயது. அவர் பின்னாளில் கலிபோர்னியாவில் திராட்சை மது தயாரிப்பில் பெயர் பெற்றார். 1867இல் இங்கிலாந்து இயந்திரங்களோடு ஜப்பானின் முதல் மேலைநாட்டு முறை நூற்பாலை ககோஷிமாவில் ஓடத் தொடங்கியது.

நகரத்தின் கஜியா பகுதியில் கீழ்நிலைச் சாமுராய் வீடுகள் இருந்த சில தெருக்கள் உண்டு. சைகோ தகமோரியும் ஒகுபோ தொஷிமிச்சியும் அங்கே ஒன்றாக வளர்ந்தவர்கள். 1868இல் தொக்குகாவா ஆட்சியை முடித்துவைத்து, பேரரசரின் பெயரில் புதிய அரசை அமைத்த மெய்ஜி மாற்றத்தில் இருவரும் முன்னின்றார்கள். 1871இல் புதிய அரசு எல்லாப் பிரபு நாடுகளையும் ஒரே ஆணையில் ஒழித்து மாகாணங்களாக்கியது. சட்சுமா மறைந்தது, ககோஷிமா மாகாணம் பிறந்தது. 1873இல் ஒகுபோ உள்துறை அமைச்சகத்தை நிறுவினார். அதன்பின் மாகாண ஆளுநர்கள் மேலிருந்து நியமிக்கப்படும் அதிகாரிகள். 1947 வரை மக்கள் அவர்களைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. தூரத்தை ஆயுதமாக வைத்திருந்த ஊரின் மகனே, தூரத்தை அர்த்தமற்றதாக்கும் இயந்திரத்தைக் கட்டினார்.

சைகோ அதே 1873இல் அரசோடு முரண்பட்டு ஊர் திரும்பினார். வாளும் சம்பளமும் பறிபோன சாமுராய்கள் அவரைச் சுற்றித் திரண்டார்கள். 1877 பிப்ரவரியில் கிளர்ச்சி. செப்டம்பர் 24 அன்று நகரத்தின் நடுவிலிருக்கும் ஷிரோயாமா குன்றில் சைகோவின் சாவு. அந்தக் குன்றும் ஷிராசு மண்தான். அருகில் அவருடைய பள்ளி இருந்த இடத்தின் கற்சுவரில் குண்டுத் துளைகளை இன்றும் காணலாம். அடுத்த மே மாதம் டோக்கியோவில் ஒகுபோவும் வெட்டிக் கொல்லப்பட்டார்.

பிறகு நகரம் அமைதியானது, ஓரளவுக்கு வாடியும் போனது. 1889இல் முறைப்படி மாநகரமானது. 1912இல் டிராம் வந்தது. 1945 ஜூன் 17 இரவு நடந்த விமானத் தாக்குதலில் 2,300க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். போர் முடிந்தபோது நகர்ப்பகுதியில் பெரும்பாலானது சாம்பல், இந்த முறை எரிமலையின் சாம்பல் அல்ல. டிராம் மட்டும் இன்றும் ஓடுகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே புல் வளர்த்திருக்கிறார்கள். வெயிலில் கண்ணுக்குக் குளிர்ச்சி.

இன்றைய பிழைப்பு பெரும்பாலும் கடை, மருத்துவமனை, கல்லூரி, அலுவலகம், சுற்றுலா. சுற்றியுள்ள ஊர்களுக்கும் தெற்கே சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கும் இதுதான் சந்தை. தனெகாஷிமா, யாகுஷிமா, அமாமி, ஒகினாவா செல்லும் கப்பல்கள் இங்கிருந்து கிளம்புகின்றன. பெரிய கடைத்தெருவின் பெயர் தென்மொன்கான், 'வானியல் கூடம்'. 1779இல் அங்கே ஷிமாசு பிரபு ஒருவர் கட்டிய ஆய்வுக்கூடத்தின் நினைவு. மேலே கூரை போட்டிருப்பதால் சாம்பல் நாளிலும் வியாபாரம் நடக்கும். 2004இல் நகரத்தோடு இணைந்த கியிரே பகுதியில் உலகின் மிகப்பெரிய கச்சா எண்ணெய்ச் சேமிப்பு நிலையங்களில் ஒன்று இருக்கிறது. நெல் விளையாத மண் வெந்நீர் ஊற்றுகளில் தாராளம் காட்டியிருப்பதால், சாதாரணத் தெருமுனைப் பொதுக் குளியலகத்தில்கூட ஊற்று நீரில் ஊறலாம்.

2004இல் பகுதியளவும் 2011 மார்ச் 12 அன்று முழுமையாகவும் ஷின்கான்சென் அதிவேக ரயில் வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய நாள்தான் வடகிழக்கு ஜப்பானைப் பெரும் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கியிருந்தன. திறப்பு விழாக்கள் ரத்தாகி, ரயில் ஆரவாரமில்லாமல் ஓடத் தொடங்கியது. புகுவோகா நகரம் இப்போது ஒன்றே கால் மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். பயணிகள் வருகிறார்கள், உள்ளூர்க்காரர்கள் சாமான் வாங்க அங்கே போகவும் செய்கிறார்கள். உறிஞ்சுகுழல் வைத்தது போலப் பெரிய ஊர் சிறிய ஊரை இழுத்துக்கொள்ளும் இதை ஜப்பானில் 'ஸ்ட்ரா விளைவு' என்கிறார்கள். 2010இல் 6 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை பத்தாண்டில் அதற்குக் கீழே இறங்கியது. படித்த பிள்ளைகள் வடக்கே போவது பழைய பழக்கம். ககோஷிமாவில் பிறந்து அங்கேயே பல்கலைக்கழகம் முடித்த இனாமோரி கசுவோ, 1959இல் பீங்கான், மின்னணுப் பாகங்கள் செய்யும் கியோசெரா நிறுவனத்தைத் தொடங்கியது கியோத்தோவில். பின்னர் அதன் ஆலைகள் ககோஷிமா மாகாணத்துக்கும் வந்தன.

ஷிரோயாமா அடிவாரத்தில் ராணுவ உடையில் நிற்கும் சைகோவின் சிலை 1937இல் வைக்கப்பட்டது. சாலைக்கு இந்தப் பக்கம் நின்று படமெடுத்துக்கொள்ளத் தனியிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கோட்சுகி ஆற்றங்கரையில், இருவரும் வளர்ந்த தெருக்களுக்குப் பக்கத்தில், ஒகுபோவுக்கும் ஒரு சிலை உண்டு. சைகோவை எதிர்த்து நின்ற அரசின் தலைவருக்கு ஊர் அதை வைத்தது 1979இல், அவர் இறந்து 101 ஆண்டு கழித்து.